பெரிய கப்பலுக்கு மூன்று விழுந்தால் போதும்

எங்கள் சாப்பாட்டு மேசையின் முக்கால்வாசியை அண்டவெளி பிடித்திருந்தது. பழைய கலண்டர் தாள்களை ஒட்டி, வெள்ளையாக இருந்த பின்பக்கத்தில் என் கணவர் அறுகோணக் கட்டங்கள் கீறியிருந்தார். அவர் ஓர் அரச திணைக்களத்தில் படவரைஞர். பென்சிலால் கீறினாலும் கோடு நூல் பிடித்ததுபோல் இருக்கும். மிச்சமிருந்த கால்வாசியில் தட்டுகளை நெருக்கி வைத்துச் சாப்பிட்டோம். மகளை மடியில் வைத்து ஊட்டுவேன். அவளுடைய கை நீண்டு ஏதாவது ஒரு கப்பலைத் தொட்டுவிடும். "சித்தப்பா, நான் தொடல்ல" என்று அவளே சொல்லித் தன்னைக் காட்டிக்கொடுப்பாள்.

சித்தப்பா என்பது என் கணவரின் தம்பி. நானும் அவனைத் தம்பி என்றுதான் கூப்பிட்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து பொறியியல் படிக்கப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தவன். கண்டி நகரத்து மஹய்யாவையில் நாங்கள் வாடகைக்கு இருந்த மேல்வீட்டின் முன்னறையில் பாய் விரித்துப் படுத்தான். வெளிநாட்டுக்குப் போய்விட்ட பள்ளிக்கூடச் சிநேகிதன் ஒருவன் அவனுக்கு ஒரு விளையாட்டின் விதிகளைப் போட்டோப் பிரதி எடுத்து அனுப்பியிருந்தான். விண்கப்பல்களின் போர். கப்பல்கள் எப்படி நகரும், எப்படித் திரும்பும் என்பதெல்லாம் அதில் அச்செழுத்தில் விரிவாக இருந்தன. சுடுவதற்கு "அட்டவணையைப் பார்க்க" என்று இருந்தது. அட்டவணை இருந்த பக்கங்கள் மட்டும் வந்துசேரவில்லை. எந்தக் கப்பலுக்கு எந்த எண் விழுந்தால் குண்டு படும், எத்தனை பட்டால் கப்பல் அழியும் என்பதையெல்லாம் நாங்களே உண்டாக்க வேண்டியிருந்தது.

நான் கணித ஆசிரியை. அதனால் அந்த வேலை என் தலையில் விழுந்தது.

விளையாட்டைப் பற்றி எழுதத் தொடங்கினாலும், அந்த மேசையில் நாங்கள் முடிவு காண முயன்ற விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தம்பி எங்களோடு இருப்பதா, வேறு இடத்துக்குப் போவதா என்பதுதான் அது. நெடுநாள் வரைக்கும் அதை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

யுத்தம் நடந்தது வடக்கில். ஆனால் வடக்கிலோ கொழும்பிலோ எது நடந்தாலும், அடுத்த நாள் காலையில் எங்கள் ஒழுங்கையின் தலைப்பில் ஓர் இராணுவ லொறி வந்து நிற்கும். அடையாள அட்டையைப் பார்ப்பார்கள். என் அட்டையில் பிறந்த இடம் கண்டி மாவட்டம். நான் பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, அப்பா அங்கே கிளாக்கர். என் கணவரின் அட்டையில் யாழ்ப்பாணம், ஆனால் கூடவே திணைக்களத்தின் அட்டையும் உண்டு. தம்பியின் அட்டையில் யாழ்ப்பாணம் மட்டும். வயது இருபத்து மூன்று. இந்த மூன்றையும் ஒரு நாள் அவனே மேசையில் வரிசையாக அடுக்கிவிட்டுச் சிரித்தான்.

"பாருங்கோ அண்ணி, ஒரே வீட்டில மூண்டு சைஸ். நீங்கள் சின்னக் கப்பல், அண்ணா நடுத்தரம், நான் தாய்க்கப்பல்."

அந்த மூன்று அளவும் அப்படியே விளையாட்டுக்குள் போயின. பெரிய கப்பலுக்கு ஒரு வெறும் நெருப்புப்பெட்டி. நடுத்தரத்துக்குச் சோடாப் போத்தல் மூடி. சின்னதுகளுக்குச் சட்டைப் பொத்தான்கள். அவற்றில் ஒரு ரோசாப் பொத்தான் மகளின் கவுனிலிருந்து கழன்றது, அவளுக்கே சொந்தம். பாம்பும் ஏணியும் பெட்டியிலிருந்த கட்டையை உருட்டினோம். தம்பியின் முதல் விதி எளிமையானது. பெரியது கண்ணுக்கு இலேசாகத் தெரியும், எனவே மூன்றோ அதற்கு மேலோ விழுந்தால் படும். நடுத்தரத்துக்கு ஐந்து வேண்டும். பொத்தானுக்கு ஆறு விழுந்தே ஆகவேண்டும். பொத்தான் ஒரே அடியில் அழியும். பெரியது நாலு அடி தாங்கும். நாலு பொத்தான்களின் விலையும் ஒரு பெரிய கப்பலின் விலையும் ஒன்று.

இரண்டு முறை விளையாடியதும் ஒருவரும் நெருப்புப்பெட்டியை எடுக்க விரும்பவில்லை. நான் பாத்திரம் கழுவிக்கொண்டே மனதில் கணக்குப் பார்த்தேன். ஒரு பொத்தானை விழுத்த சராசரியாக ஆறு முறை சுட வேண்டும். நாலு பொத்தான்களுக்கு இருபத்து நாலு. பெரிய கப்பலில் மூன்று முறை சுட்டால் இரண்டு படும். நாலு அடிக்கு ஆறு முறை போதும். ஒரே விலை, ஆனால் கால்வாசி ஆயுள்.

"பெரிசா இருக்கிறதுக்கு ரெண்டு தடவ தண்டன குடுக்கிறீங்க தம்பி" என்றேன். "லேசா அடிபடுது. அடிபட்டா மொத்தமும் போகுது. நாலு அடிக்குப் பதிலா பதினாறு குடுத்தாத்தான் சரிவரும்."

என் கணவர் கதிரையில் சாய்ந்தபடி, "பள்ளிக்கூடத்துப் பிள்ளையளுக்குக் கணக்குக் குடுக்கிறது காணாதெண்டு நீர் இப்ப கப்பலுக்கும் குடுக்கிறீரோ" என்றார். நான் விடவில்லை. பதினாறு கொடுத்து விளையாடினோம். நெருப்புப்பெட்டியை அசைக்க முடியவில்லை. பொத்தான்கள் எல்லாம் ஓய்ந்துபோன பிறகும் அது நடுவில் உட்கார்ந்திருந்தது.

ஏன் என்று விளங்க எனக்குச் சில நாட்கள் பிடித்தன. வகுப்பில் பரீட்சைக்கு மேற்பார்வை செய்துகொண்டு நின்றபோது பிடிபட்டது. பெரிய கப்பலுக்கு நாலு பீரங்கி. கடைசி அடி வாங்கும் வரை நாலும் சுடும். பொத்தான்களோ ஒவ்வொன்றாகப் போகும்போது அவற்றின் பீரங்கிகளும் ஒவ்வொன்றாகப் போய்விடும். தேய்ந்துகொண்டே சுடுகிறவை அவை. அதையும் சேர்த்துப் பார்த்தால் பெரிய கப்பலுக்குப் பத்து அடி சரி. பத்து வைத்து விளையாடியபோது ஒரு முறை அவன் வென்றான், ஒரு முறை நான். இன்னொரு முறை கடைசிப் பொத்தானும் கடைசி அடியும் ஒரே சுற்றில் போயின. தம்பி எழுந்து நின்று என்னைக் கும்பிட்டான். அந்த வீட்டில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்த பின்னேரம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது, இவ்வளவு சத்தமாகச் சிரிக்கிறோமே, ஒழுங்கைக்குக் கேட்குமே என்று எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன்.

சில வாரங்களில் ஒரு பெரிய சுற்றிவளைப்பு வந்தது. விடிந்ததும் ஒலிபெருக்கியில் ஆண்கள் எல்லோரையும் அடையாள அட்டையோடு மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். அதற்கு முன்னமே எங்கள் படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. உள்ளே வந்தவர்களில் ஓர் இளம் சிப்பாய் மேசையைப் பார்த்து நின்றுவிட்டான். எனக்கே அது ஒரு போர் வரைபடம்போல் தெரிந்தது. கட்டங்கள், எண்கள், அம்புக்குறிகள். தம்பி தனக்குத் தெரிந்த சிங்களத்தில், இது விண்கப்பல், இது சண்டை, பிள்ளையோடு விளையாடுவது என்று சொன்னான். சிப்பாய் கட்டையை எடுத்து ஒரு முறை உருட்டினான். என்ன விழுந்தது என்று குனிந்து பார்த்தான். பிறகு அதைக் கவனமாக எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, தம்பியின் தோளைத் தொட்டு வெளியே போகச் சொன்னான்.

என் கணவர் மதியத்துக்கு முன்பே வந்துவிட்டார். தம்பி வரவில்லை. கீழ்வீட்டு ராத்தா, வீட்டின் சொந்தக்காரியான முஸ்லிம் பெண், படியேறி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிஸில் பதிந்ததற்குக் கையெழுத்து வைத்தவர் அவர்தான்.

"கேட்டாங்க மகள். இருக்கிறத இருக்கிறமாதிரி சொன்னேன். ஒளிக்க ஏலா" என்றார்.

ஒளிக்க வேண்டாம், நீங்கள் சொன்னதுதான் சரி என்றேன். அவர் மகளின் தலையைத் தடவிவிட்டுப் போனார். அவருக்கும் வயதுக்கு வந்த பிள்ளைகள் இருந்தார்கள். ஒவ்வொரு முறையும் சப்பாத்துகள் அவர் வாசலைத் தாண்டித்தான் எங்கள் படிக்கு வந்தன.

தம்பி விளக்கு வைக்கும் நேரத்தில் வந்தான். கால் கழுவினான், தேத்தண்ணி கேட்டான். அடித்தார்களா என்று என் கணவர் கேட்டதற்கு இல்லை என்றான். வெயிலில் நிற்க வைத்துக் கேட்டதையே கேட்டார்களாம். பிறகு மேசையில் உட்கார்ந்து நெருப்புப்பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு புது விதி சொன்னான். பெரிய கப்பலை நோக்கிச் சுட்ட குண்டு தவறினால் அது வீணாகப் போகாது. பக்கத்துக் கட்டத்தில் எந்தக் கப்பல் நிற்கிறதோ அதன்மேல் விழும். படுகிறதா என்று அதற்காக மறுபடி உருட்ட வேண்டும்.

நான் மறுத்தேன். அண்டவெளி எவ்வளவு பெரியது, ஒரு கட்டம் என்பதே எத்தனையோ ஆயிரம் மைல், தவறிய குண்டு பக்கத்துக் கப்பலில் படுவதற்கு நியாயமே இல்லை என்று வாதாடினேன்.

அவன் பெட்டியை உருட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். "அண்டவெளியில படாதுதான் அண்ணி" என்றான். "இஞ்ச படுது. பேராதனைப் பக்கம் எங்கட பெடியள் மூண்டு பேர் நாலு கட்டில் அறை ஒண்டு எடுத்திருக்கிறாங்கள். ஒரு கட்டில் காலியா இருக்கு."

அதுதான் முதல் தடவை அவன் அதை வாய்விட்டுச் சொன்னது. என் கணவர் எழுந்துபோய் றேடியோவைத் திருகினார்.

அன்றிலிருந்து நான் விதிகளைத் திருத்தியது அவனைப் போகவிடாமல் வைக்கத்தான். அவனுக்கும் அது தெரியும். பேசினால் சண்டை வரும், அல்லது அழுகை வரும். எண்களைப் பேசினால் இரண்டும் வராது. என்னுடைய வாதம் இதுதான். பெரிய கப்பலைச் சுற்றிச் சின்னக் கப்பல்கள் நின்றால் அதைக் குறிபார்ப்பது கடினம். மூன்றுக்குப் பதிலாக நாலு விழ வேண்டும் என்று வைப்போம். வீட்டில், ஒரு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் திறக்கிற இளைஞனைப் பார்க்கிற பார்வை வேறு. அண்ணன் அரசாங்க உத்தியோகம், அண்ணி கண்டியிலேயே படிப்பிக்கிறவள், கீழே ராத்தா. நாலு பெடியன்கள் மட்டும் இருக்கிற அறையில் யார் யாருக்காகப் பேசுவது?

அவன் என் விதியையும் ஏற்றுக்கொண்டான், தன் விதியையும் விடவில்லை. இரண்டையும் சேர்த்து ஒரு பௌர்ணமிப் போயா லீவு நாளில் விளையாடினோம். வெளியே மழை. எதிரிக் கப்பல்களுக்கு அவன் உருட்டினான், எங்கள் பக்கத்துக்கு நான். பெரிய கப்பல் முன்னைவிட நெடுநேரம் நின்றது. அதைச் சுற்றி நின்ற பொத்தான்கள் ஒவ்வொன்றாகப் போயின. தவறுகிற குண்டுகள் கூடக் கூட, பக்கத்தில் விழுகிறவையும் கூடின. பாதுகாப்பு என்று நான் கொடுத்தது அவற்றிலிருந்துதான் எடுக்கப்பட்டது.

ஆறு பக்கம் உள்ள கட்டை. ஒரு படி கூட்டினால் ஆறில் ஒன்று மாறிவிடுகிறது. அதற்கிடையில் ஓர் எண் இருந்தால் இரண்டு பக்கத்தையும் காப்பாற்றலாமோ என்று இரண்டு கட்டைகளை உருட்டிக் கூட்டியும் பார்த்தேன். பஸ்ஸில் பார்த்தேன், சோறு வடிக்கும்போது பார்த்தேன், மகளைத் தூங்க வைக்கும்போது அவள் முதுகில் தட்டிக்கொண்டே பார்த்தேன். பெரியது நின்றால் சின்னது போனது. சின்னது நின்றால் பெரியது போனது.

அந்த நாட்களில் ஒரு பின்னேரம், என் முறை வந்தபோது ரோசாப் பொத்தானை நெருப்புப்பெட்டியின் பக்கத்திலிருந்து எடுத்து மூன்று கட்டம் தள்ளி வைத்தேன். யோசித்துச் செய்யவில்லை. கை செய்தது. நிமிர்ந்தபோது தம்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது நல்ல மூவ்தான் அண்ணி" என்றான். குரலில் ஒரு குத்தலும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

இல்லை இல்லை, பிழையாக வைத்துவிட்டேன் என்று பொத்தானைத் திரும்பப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். அவன் எதிரியின் முறைக்கு உருட்டினான். பெரிய கப்பலுக்கு நாலு வேண்டும், இரண்டு விழுந்தது. தவறிய குண்டு. பக்கத்துக் கப்பலுக்காக மறுபடி உருட்டினான். ஆறு விழுந்தது. மகள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு விதிகள் தெரியாது, ஆனால் ஆறு என்றால் பொத்தான் போகும் என்பது தெரியும். உதடு பிதுங்கியது. அவன் கட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அழாதை குஞ்சு, சித்தப்பா பிழையா உருட்டிப் போட்டன்" என்று பொத்தானை அவள் உள்ளங்கையில் வைத்து மூடினான்.

பொத்தானை நான் அங்கேயே, தூரத்திலேயே விட்டிருந்தால் அவன் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பான்? திரும்ப வைத்ததால் என்ன நினைத்தான்? இரண்டில் எது அவனுக்கு முடிவாக இருந்தது? எனக்குத் தெரியாது. நான் அவனை இருக்கச் சொன்னது உண்மை. கதவு தட்டப்படும்போதெல்லாம் முதலில் மகளைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்கு ஓடியதும் உண்மை.

என் கணவர் கடைசியில் வாய் திறந்தார். அறையும் வேண்டாம், இங்கேயும் வேண்டாம், கொஞ்ச நாளைக்குப் பன்விலவில் என் அப்பாவோடு போய் இருக்கட்டும் என்றார். மலைக்கு மேலே, தேயிலைக்கு நடுவே யார் தேடி வரப்போகிறார்கள்? எனக்கும் அது வெளிச்சமாகப் பட்டது. ஏன் முன்னமே தோன்றவில்லை என்று என்னையே நொந்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை வத்தேகமவில் பஸ் மாறி அப்பாவைப் பார்க்கப் போனேன்.

அப்பா உடனே சரி என்றார். பிறகு தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "கூட்டிட்டு வாங்க, நான் பாத்துக்கிறேன்" என்றார். "ஆனா ஒன்னு சொல்றேன். தோட்டத்துல ஒரு புது மொகம் வந்தா மறுநாளு காலைல பேரு கூப்பிடுற பெரட்டுக்குள்ள மூணு டிவிசனுக்கும் தெரிஞ்சு போயிரும். பாக்கிறவங்க எல்லாம் யாரு யாருன்னு கேப்பாங்க. கெட்ட எண்ணத்துல இல்ல. கேக்கிறதுதான் வழக்கம்."

திரும்பி வரும்போது பஸ் ஜன்னலால் மலைச்சரிவுகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். வெட்டிச் சமப்படுத்திய தேயிலைக்கு மேலே ஓர் ஆள் நடந்தால் அடுத்த மலையிலிருந்து தெரிகிறது. கப்பலின் அளவு கப்பலில் மட்டும் இல்லை, பின்னால் என்ன இருக்கிறது என்பதிலும் இருக்கிறது. மஹய்யாவையின் நெரிசலில் இருப்பதைவிடப் பன்விலவில் அவன் பெரியவன். வீட்டில் இதைச் சொன்னபோது என் கணவர் ஒப்புக்கொண்டார். "அதுவும் சரிதான். இவன் வாயைத் திறந்தா முதல்ல வாறது 'ஓம்'. அங்க ஒருத்தர் 'ஓம்' எண்டு சொல்லிக் கேட்டிருப்பீரோ?" தம்பி சிரித்தான். "இல்லை, நான் 'ஆமாங்க' எண்டு பழகுவன். அண்ணி சொல்லித் தாங்கோ" என்று மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு, "வாங்க, போங்க, இருங்க" என்று எங்கள் பேச்சில் பேசிக் காட்டினான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவன் பேசியது எந்த ஊர்ப் பேச்சும் இல்லை.

அந்த வாரமே அவன் அறைக்குப் போக முடிவு செய்தான். புது இடத்தில் பதிய அந்த வீட்டுக்காரர் படிவம் கொடுக்க வேண்டும், கிராம சேவகர் கையெழுத்து வைக்க வேண்டும், பிறகு பொலிஸுக்குப் போக வேண்டும். அந்தப் பகுதிக் கிராம சேவகர் லீவு, திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். திங்கள் வரைக்கும் இங்கேயே இருங்க என்று சொன்னேன். சொன்னேனா, சொல்ல நினைத்தேனா என்று இப்போதெல்லாம் எனக்கே ஐமிச்சமாக இருக்கிறது. சொன்னேன் என்றுதான் என் கணவர் சொல்கிறார். கட்டில் வேறு யாருக்கும் போய்விடும் என்று தம்பி சனிக்கிழமையே போனான். ஒரு தோள்பை, ஒரு தலையணை. மேசையில் இருந்த எதையும் எடுக்கவில்லை. "விளையாட்டு இஞ்சயே இருக்கட்டும். ஞாயிறு ஞாயிறு வாறன்" என்றான். மகள் வாசல் வரைக்கும் போய், "வாங்க, போங்க, இருங்க" என்று அவனைப்போலவே சொல்லிக் கையசைத்தாள்.

அடுத்த நாள் காலையில் அந்த அறையைச் சுற்றி வளைத்தார்கள். மற்ற மூன்று பேரையும் பின்னேரமே விட்டுவிட்டார்கள். அவர்களில் ஒருவன்தான் வந்து எங்களுக்குச் சொன்னான்.

அந்தப் பகுதிப் பொலிஸ் நிலையத்தில் ஒரு நீளமான வாங்கில் நாங்கள் நெடுநேரம் உட்கார்ந்திருந்தோம். என் கணவர் திணைக்கள அட்டையைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மரியாதைக் குறைவாக ஒன்றும் பேசவில்லை. பதிவைப் பார்த்தார். பிறகு சிங்களத்தில் கேட்டார். இந்த ஆள் உங்கள் வீட்டில்தானே பதிந்திருக்கிறார், ஏன் உங்கள் வீட்டில் இருக்கவில்லை? பதிந்த வீட்டை விட்டு ஏன் போனார், அதுவும் யாருக்கும் அறிவிக்காமல்?

மற்ற மூன்று பேரும் அந்த அறையில் பதிந்தவர்கள். இவன் ஒருவன்தான் பதிந்த இடத்தில் இல்லாதவன்.

எங்களுக்குப் பயந்து அல்ல, எங்களுக்காகப் பயந்து போனான் என்று சொல்ல வாய் வந்தது. பயம் என்ற சொல்லைச் சொன்னால், ஏன் பயம் என்று அடுத்த கேள்வி வரும். படிப்புக்கு வசதி, வளாகத்துக்குக் கிட்ட, பரீட்சை வருகிறது என்று சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். அவன் இப்போது இங்கே இல்லை, வேறு இடத்துக்கு அனுப்பியாயிற்று என்றார். எந்த இடம் என்று கேட்டதற்கு, அறிவிப்பார்கள் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் என் கண் போனது மேசைக்கு. போட்டோப் பிரதியின் முதல் தாள்கள் கட்டங்களின் ஓரத்தில் அப்படியே கிடந்தன. நாங்கள் தொடாத ஒரே பகுதி. நகர்வு பற்றிய விதிகள். ஒரு சுற்றில் ஆறு கட்டத்துக்கு மேல் நகர்ந்த கப்பலைச் சுட ஒன்று கூடுதலாக விழ வேண்டும் என்று அதில் இருக்கிறது. நகரும் கப்பலைக் குறிபார்ப்பது கடினமாம். அளவைத் திருத்தினோம், அடியைத் திருத்தினோம், தவறுகிற குண்டைக்கூட விடவில்லை. இதை மட்டும் அச்சில் இருந்ததால் அப்படியே நம்பினோம். நகர்ந்தால் தப்பலாம் என்று நாங்கள் மூன்று பேரும், இவ்வளவு படித்தவர்கள், ஒரு தடவைகூடச் சந்தேகப்படவில்லை. எங்கள் ஆட்கள் எல்லோருமே அப்படித்தான். வடக்கிலிருந்து தெற்குக்கு, தெற்கிலிருந்து மலைக்கு, மலையிலிருந்து எங்கேயாவது. நின்ற இடத்தில் அவனுக்கு மூன்று விழ வேண்டும், நாலு விழ வேண்டும் என்று சண்டை பிடித்தேனே, ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகிற அந்த இடைவெளியில் அவனுக்கு எந்த எண் விழுந்தாலும் பட்டிருக்கும்.

திங்கள் வரைக்கும் இருந்திருந்தால்? அந்தக் காலையில் எங்கள் ஒழுங்கைக்கும் லொறி வந்ததா, வரவில்லையா என்று ராத்தாவிடம் கேட்டேன். வரவில்லை என்றார். ஆனால் அதற்கடுத்த வாரம் வந்தது. அவன் பதிந்த விலாசம் என்று நேராக எங்கள் வீட்டுக்கே வந்தார்கள். என் கணவரை இரண்டு முறை கூப்பிட்டு விசாரித்தார்கள். இப்போதும் கூப்பிடுகிறார்கள். எங்களைக் காப்பாற்றப் போனானே, அதுவும் நடக்கவில்லை. அவன் இருந்திருந்தால் அந்த லொறியில் ஏற்றியிருப்பார்கள் என்றும் ஒரு கணக்கு இருக்கிறது. அதை நான் சில நாட்களில் நம்புகிறேன்.

போகாத இடம் இல்லை. ஒவ்வோர் இடத்திலும் இங்கே இல்லை என்பார்கள். இல்லை என்பதை எழுத்தில் கேட்டால் தருவதில்லை. யாழ்ப்பாணத்தில் இருக்கிற மாமிக்கு, அவனுடைய அம்மாவுக்கு, பரீட்சைக்குப் படிக்கிறான், எழுத நேரமில்லை என்று முதலில் எழுதினோம். பிறகு அதுவும் எழுதவில்லை.

மகள் இப்போது முதலாம் வகுப்புக்குப் போகிறாள். வீட்டு வேலையை அந்தக் கால்வாசி மேசையில் வைத்துச் செய்கிறாள். கட்டத் தாள்கள் பழுத்துப்போய்விட்டன. சுருட்டி அலுமாரியில் வைக்கலாம் என்று பல முறை எழுந்திருக்கிறேன். எடுத்துவிட்டால் அவன் வரமாட்டான் என்று நான் முடிவு செய்ததுபோல் ஆகிவிடும். எடுக்காவிட்டால் அவள் ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்துக்கொண்டு சாப்பிட வேண்டும். ரோசாப் பொத்தான் நெருப்புப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவள்தான் அங்கே வைத்தாள்.

நேற்று பின்னேரம் கரண்ட் போனது. என் கணவர் மெழுகுதிரிக்காக இருட்டில் மேசையைத் தடவினார். கையில் அந்த நெருப்புப்பெட்டி அகப்பட்டது. காதுக்குக் கிட்டக் கொண்டுபோய் ஆட்டிப் பார்த்தார். உள்ளே ஒன்றும் இல்லை. விரலால் கட்டத்தின் கோட்டைத் தேடிப்பிடித்து, எடுத்த இடத்திலேயே அதைத் திரும்ப வைத்தார்.